ஆண்மை என்னும் ஆளுமை

நுழையும்முன்

பெண்கள்மீது சமூகம் விதித்த கட்டுப்பாடுகளைப் பற்றித் தமிழகம் நூறு ஆண்டுகளாகப் பேசி வருகிறது. அதே சமூகம் ஆண்கள்மீது சுமத்தியுள்ள எதிர்பார்ப்புகளைப் பற்றிய பேச்சோ அண்மையில்தான் தொடங்கியுள்ளது. ஆண் அழக்கூடாது; ஆண் தோற்கக்கூடாது; ஆண் பிறரிடம் உதவி கேட்கக்கூடாது. எழுதப்படாத இவ்விதிகள் பள்ளிப் படிப்பை முடித்துக் கல்லூரிக்குள் நுழையும் இளைஞர்களின் வாழ்வை எவ்வாறு பாதிக்கின்றன? ஆண்மை என்னும் சொல்லுக்குத் தமிழ் தந்த பொருள்தான் என்ன? காஞ்சிபுரத்தின் தறியையும் வள்ளுவரின் சொல்லாட்சியையும் துணையாகக் கொண்டு இவ்வினாக்களை ஆராய்கிறது இப்பாடம்.

இருவர் நெய்யும் பட்டு

கோவிலும் தறியும் காஞ்சிபுரத்தின் இரு அடையாளங்கள். பல்லவர் காலம் முதல் கல்வியிலும் கலையிலும் சிறந்து விளங்கிய இந்நகரின் பட்டு, 2005-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. காஞ்சிப் பட்டின் தனிச்சிறப்பு 'கோர்வை' என்னும் நெசவுமுறையாகும். சேலையின் உடல் ஒரு நிறத்திலும் கரை வேறொரு நிறத்திலும் அமையும்போது, அவ்விரண்டையும் ஒவ்வோர் ஊடை இழையிலும் ஒன்றோடொன்று பிணைத்து நெய்வதே கோர்வை. இதற்கு மூன்று நாடாக்கள் தேவைப்படும். உடலுக்கு ஒன்று, இரு கரைகளுக்கும் தனித்தனியே ஒவ்வொன்று. ஒருவரே மூன்றையும் இயக்குவது கடினம். எனவே, மரபான கோர்வைத் தறியில் நெசவாளருக்கு அருகில் மற்றொருவர் அமர்ந்து மறுபக்கக் கரையின் நாடாவை இயக்குவார். இருவரின் கைகளும் ஒரே தாளத்தில் இயங்கினால்தான் கரை பிசகாமல் உடலோடு இணையும்.

தறியில் அமர்பவர்கள் மட்டும் பட்டை உருவாக்குவதில்லை. நூலைப் பிரித்தல், தார் சுற்றுதல், பாவு பிணைத்தல் போன்ற பணிகள் நிறைவேறாமல் தறி ஓடாது. இப்பணிகளில் பெரும்பகுதியை வீட்டிலுள்ள பெண்களே செய்து வந்துள்ளனர். பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் குடியிருப்புகளில் பாவைத் தெருவின் நீளத்திற்கு இழுத்துக் கட்டிச் சீர்செய்யும் வேலையில் பலரின் கைகள் ஒன்றுசேரும். இந்தியாவின் நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பு (2019-20), நாட்டில் 35 இலட்சத்து 22 ஆயிரத்திற்கும் மேற்பட்ட கைத்தறித் தொழிலாளர்கள் இருப்பதாகக் காட்டுகிறது. அவர்களுள் ஏறத்தாழ 72 விழுக்காட்டினர் பெண்கள். ஆயினும், 'நெசவாளர்' என்றதும் தறிக்குழியில் அமர்ந்திருக்கும் ஆணின் உருவமே பலருடைய மனத்தில் தோன்றுகிறது. 'சம்பாதிப்பவர் ஆண், உடனிருந்து உதவுபவர் பெண்' என்ற எண்ணம் தொழிலின் உண்மை நிலையையே மறைத்துவிடுகிறது.

இவ்வெண்ணம் பெண்ணின் உழைப்பை மறைத்ததோடு நிற்கவில்லை. ஆண்பிள்ளையின் தோளில் பெருஞ்சுமையையும் ஏற்றியது. முன்பணம் பெற்றுக் கடனில் சிக்கிய குடும்பங்களில் சிறுவர்கள் படிப்பை விட்டுத் தறியில் உதவியாளர்களாக அமர்ந்த காலம் ஒன்று உண்டு. 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டமும் அதன்பின் நிகழ்ந்த தொடர் முயற்சிகளும் அந்நிலையைப் பெரிதும் மாற்றின. இன்று அக்குடும்பங்களின் பிள்ளைகள் கல்லூரிக்குச் செல்கின்றனர். திருப்பெரும்புதூர், ஒரகடம் பகுதிகளின் தொழிற்சாலைகள் அவர்களுக்குப் புதிய வேலைவாய்ப்புகளைத் திறந்துவிட்டுள்ளன. இடம் மாறியது, தொழில் மாறியது. 'குடும்பத்தைத் தாங்க வேண்டியவன் நீ ஒருவனே' என்ற எதிர்பார்ப்பு மட்டும் மாறவில்லை.

எதிர்பார்ப்புகளின் இலக்கணம்

ஆண்குழந்தைக்கு விளையாட்டுத் துப்பாக்கியும் பெண்குழந்தைக்குச் சிறுசமையல் பாத்திரங்களும் வாங்கித் தரப்படும் நாளிலேயே எதிர்பார்ப்புகள் தொடங்கிவிடுகின்றன. விழுந்து அடிபட்ட சிறுவனிடம் 'ஆம்பளப் பிள்ளை அழலாமா?' என்று கேட்கும் பெரியவர்கள் அவனைத் தேற்றுவதாகவே கருதுகின்றனர். ஆனால், அச்சிறுவன் கற்றுக்கொள்வது வேறு. வலி இருப்பது தவறன்று. வலியை வெளியே காட்டுவதே தவறு என்னும் பாடம் அவன் மனத்தில் பதிகிறது. பதின்பருவத்தில் அப்பாடம் மேலும் இறுகுகிறது. அச்சத்தைச் சொன்னால் கோழை. அன்பைச் சொன்னால் பலவீனன். அடுப்படிக்குச் சென்றால் கேலிப்பொருள். சினம் ஒன்றே ஆண் தடையின்றி வெளிப்படுத்தத்தக்க உணர்ச்சியாக எஞ்சுகிறது.

கல்லூரிப் பருவத்தில் இவ்வெதிர்பார்ப்புகள் மூன்று முனைகளில் இளைஞரை நெருக்குகின்றன. முதலாவது, பொருளீட்டும் பொறுப்பு. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குள் நுழைந்த மாணவர் பலர், மாலையிலும் விடுமுறையிலும் வேலைக்குச் சென்றவாறே படிக்கின்றனர். தங்கையின் திருமணம், தந்தையின் கடன், வீட்டின் வாடகை எனப் பல கணக்குகள் பாடப்புத்தகத்தோடு சேர்ந்தே அவர்களுடைய மனத்தில் இருக்கின்றன. இரண்டாவது, நண்பர் குழுவின் அளவுகோல். துணிவு, வேகம், சண்டை, புகை, மது ஆகியவற்றால் ஒருவர் தம்மை ஆண் என மெய்ப்பிக்க வேண்டும் என அக்குழு எதிர்பார்க்கிறது. மூன்றாவது, திரையும் கைப்பேசியும் காட்டும் உருவம். தனியொருவனாகப் பலரை வீழ்த்துபவனும், மறுத்த பெண்ணை விடாமல் பின்தொடர்பவனும் கதைத்தலைவனாகப் போற்றப்படும்போது, பிறரின் மறுப்பை மதிப்பது தோல்வியாகத் தோன்றிவிடுகிறது.

ஆத்திரேலியச் சமூகவியல் அறிஞர் ரேவின் கானல் 1995-இல் வெளியிட்ட தம் நூலுக்கு 'ஆண்மைகள்' எனப் பன்மையில் பெயரிட்டார். எக்காலத்திற்கும் எவ்விடத்திற்கும் பொருந்தும் ஒரே ஆண்மை என ஒன்றில்லை; ஒவ்வொரு சமூகமும் பலவகை ஆண்மைகளுள் ஒன்றை உயர்த்திப் பிடித்து, ஏனையவற்றைத் தாழ்த்துகிறது என்பது அவர் ஆய்வின் சாரம். உயர்த்திப் பிடிக்கப்படும் அவ்வடிவத்தை முழுமையாக எட்டுவோர் மிகச் சிலரே. எட்ட இயலாதோர் தம்மைக் குறையுடையோராக எண்ணி வருந்துகின்றனர்.

எதிர்பார்ப்பு கேட்கும் விலை

மனத்துயரை மறைப்பதே ஆண்மை என்னும் எண்ணம் உயிருக்கே ஊறு விளைவிக்கக்கூடியது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டு அறிக்கை, இந்தியாவில் அவ்வாண்டு 1,70,924 பேர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டதாகக் குறிப்பிடுகிறது. அவர்களுள் 1,22,724 பேர் ஆண்கள். பத்துப் பேரில் ஏழு பேர் ஆண்கள் என்பது இதன் பொருள். மாணவர் எண்ணிக்கை மட்டும் 13,044. உலகளவிலும் இவ்வாறு இறக்கும் ஆண்களின் விகிதம் பெண்களின் விகிதத்தைவிட இருமடங்குக்கும் மேல். ஒவ்வோர் இறப்பின் பின்னும் கடன், நோய், குடும்பச் சிக்கல், தேர்வு எனப் பல காரணங்கள் பின்னிக் கிடக்கும். எனவே, ஒரே காரணத்தைச் சுட்டுவது பிழையாகும். ஆனால், துயரம் யாவர்க்கும் பொதுவாக இருக்க, அதைப் பிறரிடம் சொல்லி உதவி பெறும் வழக்கம் ஆண்களிடம் குறைவாக இருப்பதை மனநல அறிஞர்கள் தொடர்ந்து சுட்டிக்காட்டுகின்றனர்.

கல்வியிலும் இதன் தாக்கத்தைக் காணலாம். தமிழ்நாட்டின் மேல்நிலைத் தேர்வுகளில் மாணவியரின் தேர்ச்சி விழுக்காடு பல ஆண்டுகளாக மாணவரின் தேர்ச்சியை விஞ்சி நிற்கிறது. 2024-ஆம் ஆண்டு பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் மாணவியர் 96.44 விழுக்காடும் மாணவர் 92.37 விழுக்காடும் தேர்ச்சி பெற்றனர். மாணவியரின் உயர்வு போற்றுதற்குரியது. பின்தங்கும் மாணவரின் நிலையோ கவலைக்குரியது. அவர்களைச் 'சோம்பேறிகள்' என ஒதுக்கிவிடுவது எளிது. பாடம் புரியவில்லை என்பதை வகுப்பில் எழுந்து சொல்லக் கூசுவதும், படிப்பில் ஆர்வம் காட்டுவதை நண்பர்கள் கேலி செய்வதும், சிறு வயதிலேயே கூலிவேலைக்குச் செல்ல நேர்வதும் பின்தங்குதலுக்குக் காரணங்கள் ஆகக்கூடும் என எண்ணிப் பார்ப்பதே பொறுப்புள்ள அணுகுமுறையாகும்.

ஆண்மையை மெய்ப்பிக்கும் முயற்சி வன்முறையாக மாறும்போது அதன் விலையைப் பிறரும் செலுத்த நேர்கிறது. மூத்த மாணவர் இளைய மாணவரை இழிவுபடுத்தும் பகடிவதை, 'தாங்கிக்கொள்பவனே ஆண்' என்ற பெயரில் நெடுங்காலம் பொறுத்துக்கொள்ளப்பட்டது. 1996-இல் மருத்துவ மாணவர் ஒருவர் இக்கொடுமைக்குப் பலியான பின்னரே தமிழகம் விழித்தெழுந்தது. 1997-இல் பகடிவதைத் தடைச்சட்டம் இயற்றப்பட்டது. சென்னையில் பேருந்து, தொடர்வண்டித் தடங்களை அடிப்படையாகக் கொண்டு உருவாகும் 'ரூட் தல' குழுக்களின் மோதல்களும் இத்தகையனவே. எந்தப் பகையும் இல்லாத இளைஞர்கள், தம் குழுவின் பெருமைக்காக ஆயுதம் ஏந்திப் படிப்பையும் எதிர்காலத்தையும் இழந்துள்ளனர். பெண்களைப் பின்தொடர்தல், மறுத்தவரைத் துன்புறுத்தல் ஆகிய குற்றங்களின் வேரிலும் 'ஆண் தோற்கக்கூடாது' என்ற நச்சு எண்ணம் ஒளிந்திருக்கிறது. எதிர்பார்ப்பின் சுமை ஒருவர் செய்த குற்றத்திற்கு விளக்கம் ஆகலாம். ஒருபோதும் நியாயம் ஆகாது.

சொல் சொல்லும் செய்தி

மனத்தை அடக்குவதும் பிறரை அடக்குவதும்தான் ஆண்மையா? தமிழ்ச் சொல்லின் வரலாறு வேறொன்றைக் காட்டுகிறது. 'கேள்' என்னும் சொல்லோடு 'மை' விகுதி சேரும்போது 'கேண்மை' தோன்றுகிறது. அவ்வாறே 'ஆள்' என்பதோடு 'மை' சேர 'ஆண்மை' தோன்றும். ஆளுதல், பொறுப்பேற்று நடத்துதல் என்பன இதன் பொருள்கள். மேலாண்மை, வேளாண்மை, தாளாண்மை ஆகிய சொற்களில் உள்ள ஆண்மை இப்பொருளையே தருகிறது. ஒரு நிறுவனத்தின் மேலாண்மையை ஏற்பவர் பெண்ணாகவும் இருக்கலாம், ஆணாகவும் இருக்கலாம். இன்று பெருவழக்காக உள்ள 'ஆளுமை' என்னும் சொல்லும் இதே வேரில் கிளைத்ததாகும்.

திருவள்ளுவர் இச்சொல்லைக் கையாளும் முறை சிந்திக்கத்தக்கது. பிறர் மனைவியை விரும்பி நோக்காத மன அடக்கத்தையே அவர் 'பேராண்மை' என்கிறார் (குறள் 148). பிறரை வெல்வதன்று, தன்னை வெல்வதே பேராண்மை என்பது இதன் கருத்து. படைச்செருக்கு என்னும் அதிகாரத்தில், பகைவரிடம் காட்டும் வீரத்தைப் பேராண்மை எனக் குறிப்பிட்டுவிட்டு, அப்பகைவருக்கே துன்பம் நேர்ந்தால் உதவும் பண்பை 'ஊராண்மை' என்று பெயரிட்டு, அதுவே வீரத்தின் கூர்மை என்கிறார் (குறள் 773). காஞ்சிபுரத்தைச் சேர்ந்தவர் எனக் கூறப்படும் உரையாசிரியர் பரிமேலழகர், தன் படையை இழந்து தனித்து நின்ற இலங்கை வேந்தனை இராமன் தாக்காமல், மறுநாள் படையோடு வருமாறு அனுப்பியதை இதற்கு எடுத்துக்காட்டாகத் தருகிறார். தான் பிறந்த குடியைப் பொறுப்புடன் பேணி உயர்த்துவதே 'நல்லாண்மை' என்பதும் (குறள் 1026), முயற்சியாகிய தாளாண்மையில்தான் பிறர்க்கு உதவும் வேளாண்மை தங்கியிருக்கிறது என்பதும் (குறள் 613) வள்ளுவர் வாய்மொழிகள்.

தன்னடக்கம், இரக்கம், பொறுப்பு, உழைப்பு, உதவி ஆகியவை வள்ளுவரின் ஆண்மைப் பட்டியலில் இடம்பெறுகின்றன. இவற்றுள் எதுவும் ஒரு பாலுக்கு மட்டும் உரியதன்று. மனத்தை மூடிக்கொள்வதும் உதவியை மறுப்பதும் அப்பட்டியலில் இல்லை.

காஞ்சி தரும் சான்றுகள்

காஞ்சிபுரத்தின் கோவில்களும் வரலாறும் ஆணின் பல முகங்களைக் காட்டுகின்றன. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் இராசசிம்மன் எழுப்பிய கைலாசநாதர் கோவிலில் சோமாஸ்கந்தர் வடிவம் சிற்பமாகவும் ஓவியமாகவும் இடம்பெற்றுள்ளது. சிவனும் உமையும் வீற்றிருக்க, அவர்களுக்கு இடையில் குழந்தை முருகன் அமர்ந்திருக்கும் கோலம் அது. பல்லவர்கள் பெரிதும் போற்றிய இவ்வடிவம், மனைவியோடும் மகவோடும் அமர்ந்திருக்கும் தந்தையாகவே இறைவனைக் காட்டுகிறது. ஏகாம்பரநாதர் கோவிலுக்கும் காமாட்சியம்மன் கோவிலுக்கும் இடையே குமரகோட்டம் அமைந்திருப்பதையும் சோமாஸ்கந்த அமைப்பு என்றே மக்கள் போற்றுகின்றனர். வீரட்டச் செயல்களைப் புரிந்த கடவுளையே குடும்பத்தின் நடுவே வைத்துக் காண்பதில் பழந்தமிழ்க் கலைஞருக்குத் தயக்கம் இருக்கவில்லை.

அண்மைக் கால வரலாற்றிலும் காஞ்சி ஒரு சான்றைத் தருகிறது. 1909-ஆம் ஆண்டு செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்து நெசவாளர் மரபில் பிறந்தவர் பேரறிஞர் அண்ணா. அவரைப் பேணி வளர்த்தவர், அவர் 'தொத்தா' என்றழைத்த சிற்றன்னை இராசாமணி அம்மையார். குடும்பத்தின் பொருள்நிலை இடர்ப்பட்டபோது அண்ணா படிப்பை நிறுத்திவிட்டு நகராட்சி அலுவலகத்தில் எழுத்தராகப் பணியாற்றினார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து 1934-இல் இளங்கலைச் சிறப்புப் பட்டம் பெற்றார். இளமையிலேயே குடும்பச் சுமையைத் தாங்கிய அவ்விளைஞருக்கு மீண்டும் கல்வியின் கதவு திறந்ததால் தமிழகம் ஒரு முதலமைச்சரைப் பெற்றது. அவரது ஆட்சியில், 1967-இல் சட்டமன்றம் சுயமரியாதைத் திருமணங்களைச் செல்லுபடியாக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. மணமக்கள் இருவரும் ஒருவரையொருவர் வாழ்க்கைத் துணைவராக ஏற்பதாக உறுதியளிப்பதே அத்திருமணத்தின் அடிப்படை. அதில் ஒருவர் ஆள்பவரும் மற்றவர் ஆளப்படுபவரும் அல்லர்.

அச்சட்டத்திற்கு முன்னோடியான கருத்துப்போர் நெடியது. 1925-இல் காஞ்சிபுரத்தில் நடைபெற்ற காங்கிரசு மாநாட்டிலிருந்து வெளியேறிய தந்தை பெரியார், சுயமரியாதை இயக்கத்தை முன்னெடுத்தார். 1928-இல் 'குடிஅரசு' இதழில் அவர் எழுதிய கட்டுரை, 'ஆண்மை' என்னும் சொல்லாட்சியையே கேள்விக்குள்ளாக்கியது. வீரமும் விடுதலை உணர்வும் ஆணுக்கே உரியவை என்னும் எண்ணம் அழியாதவரை பெண்களுக்கு விடுதலை இல்லை என்று அவர் வாதிட்டார். வள்ளுவர் அச்சொல்லை விரிவாக்கினார். பெரியார் அதன் தனியுரிமையைத் தகர்த்தார். நற்பண்புகள் மாந்தர் அனைவர்க்கும் பொது என்னும் ஒரே முடிவையே இருவர் வழிகளும் சென்றடைகின்றன.

தெரிந்து தெளிவோம்

பல நாடுகளில் ஆண்டுதோறும் நவம்பர் 19-ஆம் நாள் பன்னாட்டு ஆண்கள் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. ஆண்களின் உடல்நலம், மனநலம், பாலினச் சமன்மை ஆகியன அந்நாளின் கருப்பொருள்கள். குழந்தையைப் பேண, தாய் தந்தை இருவரும் பகிர்ந்து எடுத்துக்கொள்ளும் ஊதிய விடுப்பை 1974-இல் உலகிலேயே முதன்முதலாக வழங்கிய நாடு சுவீடன்.

தோள் கொடுக்கும் கல்லூரி

எதிர்பார்ப்புகளை மாற்றும் பணியை இளைஞர் ஒருவரே தனித்து நின்று செய்துவிட இயலாது. அரசும் கல்லூரியும் நண்பர்களும் அவருக்குத் துணைநிற்க வேண்டும்.

பொருளாதாரத் துணை அதன் முதற்படி. அரசுப் பள்ளிகளில் பயின்று உயர்கல்விக்குச் செல்லும் மாணவியருக்குத் திங்கள்தோறும் 1000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2022-இல் தொடங்கியது. அதனைப் பின்பற்றி 2024-ஆம் ஆண்டு ஆகத்து 9 அன்று கோவையில் தமிழ்ப்புதல்வன் திட்டம் தொடங்கப்பட்டது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளிகளிலும், அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியிலும் பயின்று உயர்கல்வியில் சேரும் மாணவருக்கு இத்திட்டம் திங்கள்தோறும் 1000 ரூபாய் வழங்குகிறது. பேருந்துச் செலவுக்கும் நூல்களுக்கும் கைகொடுக்கும் அத்தொகை, 'உன் படிப்பும் சமூகத்தின் பொறுப்பே' என்னும் செய்தியையும் சேர்த்தே தருகிறது.

இரண்டாவது, மனநலத் துணை. கல்லூரி மாணவரிடையே மனநல விழிப்புணர்வை வளர்க்கவும் சக மாணவரே முதல் துணையாக விளங்கவும் 'மனம்' என்னும் மனநல நல்லாதரவு மன்றத் திட்டம் 2022-இல் தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிகளில் தொடங்கப்பட்டது. அதே ஆண்டில் அறிமுகமான 14416 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் எந்நேரமும் மனநல ஆலோசனை பெறலாம். தமிழ்நாட்டின் 104 எண்ணும் இவ்வுதவியை வழங்குகிறது. காய்ச்சலுக்கு மருத்துவரை நாடுவோர், மனச்சோர்வுக்கு ஆலோசகரை நாடுவதில் வெட்கப்பட ஏதுமில்லை.

மூன்றாவது, உரையாடல். மும்பையில் 1993 முதல் இயங்கி வரும் 'மாவா' என்னும் அமைப்பு, பெண்கள் மீதான வன்முறைக்கு எதிராக ஆண்களை ஒன்றுதிரட்டுவதற்காகத் தொடங்கப்பட்டது. மகாராட்டிராவின் கல்லூரி மாணவர்களுக்குப் பயிற்சியளித்து, அவர்களைக் கொண்டே தெருநாடகங்களையும் கலந்துரையாடல்களையும் அது நடத்துகிறது. ஆண்களின் மனவுலகைப் பேசும் ஆண்டு மலர் ஒன்றையும் மராத்தியில் வெளியிடுகிறது. பிரேசில் நாட்டில் இளைஞர்களுக்காக உருவாக்கப்பட்ட பயிற்சிமுறையைத் தழுவி, மும்பைக் குடியிருப்புகளில் 'யாரி-தோஸ்தி' என்னும் பெயரில் ஒரு பயிற்சித் திட்டம் செயற்படுத்தப்பட்டது. நட்பு எனப் பொருள்படும் அத்தலைப்பே அதன் வழிமுறையையும் உணர்த்துகிறது. இளைஞர்கள் அறிவுரையைக் கேட்டு மட்டும் மாறுவதில்லை. தம்மையொத்த இளைஞர்களோடு மனம்விட்டுப் பேசும்போது மாறத் தொடங்குகின்றனர் என்பது இம்முயற்சிகளின் அடிப்படை.

இத்தகைய உரையாடலுக்குப் பெருஞ்செலவு தேவையில்லை. விடுதி அறையில் உண்ணாமல் உறங்கிக் கிடக்கும் நண்பரிடம் 'என்ன ஆயிற்று?' என்று கேட்பதும், அவர் சொல்வதைக் கேலியின்றிக் கேட்பதும், தேவையானால் ஆசிரியரிடமோ ஆலோசகரிடமோ உடன் அழைத்துச் செல்வதும் போதும். ஆடை நழுவும்போது கை தானாகவே விரைந்து சென்று பற்றுவதைப் போல நண்பரின் துன்பத்தைக் களைவதே நட்பு என்று வள்ளுவர் கூறியது (குறள் 788) இதனையே. கை விரைவதற்கு ஆடை நழுவுவது தெரிய வேண்டும், துயரமும் அத்தகையதே. அதைச் சொல்லும் துணிவும் கேட்கும் பொறுமையும் நட்பின் இரு கரைகள்.

வீட்டிலிருந்து தொடங்கும் மாற்றம்

தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வு, ஊதியமில்லா வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களை அதற்குச் செலவிடுவதாகக் கூறுகிறது. அவ்வேலைகளில் ஈடுபடும் ஆண்கள் செலவிடுவது 97 நிமிடங்கள். ஆறு வயதுக்கு மேற்பட்ட பெண்களில் 81.2 விழுக்காட்டினர் இப்பணிகளைச் செய்கின்றனர். ஆண்களில் செய்பவர்கள் 26.1 விழுக்காட்டினர் மட்டுமே. பெண்களின் மறைக்கப்பட்ட இவ்வுழைப்பை மதிக்கும் வகையில், குடும்பத் தலைவியருக்குத் திங்கள்தோறும் 1000 ரூபாய் வழங்கும் கலைஞர் மகளிர் உரிமைத் திட்டம், 2023-ஆம் ஆண்டு அண்ணா பிறந்தநாளில் அவர் பிறந்த காஞ்சிபுரத்திலேயே தொடங்கப்பட்டது.

வீட்டு வேலையைக் கற்றுக்கொள்ளும் ஆண் பெண்ணுக்குச் சலுகை வழங்குவதாக எண்ண வேண்டியதில்லை. சமைக்கவும் துவைக்கவும் முதியோரைப் பேணவும் அறிந்த இளைஞர், வேற்றூரில் படிக்கும்போதும் பணிபுரியும்போதும் பிறரைச் சாராமல் வாழ்கிறார். வருவாயின் பொறுப்பை மனைவியோடும் உடன்பிறந்தாரோடும் பகிர்ந்துகொள்ளும் ஆண், வேலையிழப்பு நேரும்போது உடைந்துபோவதில்லை. பெண்ணின் சுமை குறையும் அதே இடத்தில் ஆணின் சுமையும் குறைகிறது. எனவே, ஆணின் துயரைப் பேசுவது பெண்ணின் உரிமைக்கு எதிரானதன்று. இரண்டும் ஒரே சமன்மையின் இரு பக்கங்கள்.

நிறைவாக

ஆண்மையைக் கைவிடுமாறு எவரும் இளைஞர்களைக் கேட்கவில்லை. அச்சொல்லுக்குள் காலப்போக்கில் புகுந்த குறுகிய பொருளைக் களைந்து, அதன் விரிந்த பொருளை மீட்டெடுக்குமாறே கேட்கின்றனர். தன் சினத்தை ஆள்வதும், தன் துயரைச் சொல்வதும், பிறரின் மறுப்பை மதிப்பதும், தோல்விக்குப் பின் மீண்டும் முயல்வதும் ஆளுமையின் கூறுகள். உதவி கேட்பது இழிவன்று. தன் நிலையைத் தானே அறிந்து பொறுப்பேற்கும் செயல் அது. கல்லூரி வாயிலில் காலடி வைக்கும் இளைஞர் இதனை உணர்ந்தால் தம் வாழ்வைக் காத்துக்கொள்வார். இதனை உணர்ந்த சமூகமோ அவரைத் தனியே சுமக்க விடாது.

கற்பவை கற்றபின்

1. மேலாண்மை, வேளாண்மை, தாளாண்மை, ஊராண்மை ஆகிய சொற்களின் பொருள்களைத் தொகுத்து, அவற்றில் 'ஆண்மை' உணர்த்தும் பொருளை விளக்கி எழுதுக.

2. உங்கள் வீட்டில் ஒருநாள் நடைபெறும் வேலைகளைப் பட்டியலிட்டு, அவற்றைச் செய்பவர் யார் எனக் குறிப்பிடுக. மாற்றிப் பகிரத்தக்க வேலைகளைப் பற்றி வகுப்பில் கலந்துரையாடுக.

3. அண்மையில் நீங்கள் கண்ட திரைப்படம் ஒன்றில் கதைத்தலைவன் படைக்கப்பட்டுள்ள முறையை, வள்ளுவர் கூறும் பேராண்மையோடு ஒப்பிட்டு ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக.

4. மனச்சோர்வுற்ற நண்பருக்குத் துணைநிற்கும் வழிகளை விளக்கும் சுவரொட்டி ஒன்றை உருவாக்கி வகுப்பறையில் காட்சிப்படுத்துக.